மயில் கழுத்துக் கலர்

கலர் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்திருக்கிறவர்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ரிட்டயர் ஆன பிறகுதான் ஒருத்திக்கு அறிவு இருக்கிறது என்பது கம்பெனிக்குத் தெரியவருகிறது. வேலையில் இருந்த காலத்தில் என் அபிப்பிராயத்தை ஒரே ஒருமுறை கேட்டார்கள். கேண்டீன் சாம்பாரைப் பற்றி. சொன்னேன். அதன் பிறகு அதையும் கேட்கவில்லை.

பித்தளைத் தகட்டை எவ்வளவு நேரம் அரிக்கிற மருந்தில் போடுவது, எப்படிக் கழுவுவது, அடுப்பை எந்தச் சூட்டில் வைப்பது எல்லாம் உங்களுக்குச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. ஒட்டியதை யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம். நான் சொல்லப்போவது சுவரில் ஒட்ட முடியாத சமாச்சாரம். மயில் கழுத்துக் கலரை நம் கம்பெனி கண்டுபிடித்த கதை. கம்பெனியின் ஆண்டு மலரில் இதே கதை வேறு மாதிரி இருக்கும். அதில் புகைப்படங்கள் நன்றாக இருக்கும்.

அப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நாம் செய்துகொண்டிருந்தது நேம் பிளேட். மோட்டாரிலும் பம்பிலும் ஒட்டுகிற தகடு. எழுத்து வரவேண்டிய இடத்தை மருந்து அரித்துப் பள்ளமாக்கும். அந்தப் பள்ளத்தில் பெயின்ட்டை நிரப்பி, மேலே வழிந்ததைத் துணியால் துடைத்து, அடுப்பில் வைத்து எடுக்க வேண்டும். துடைக்கிற வேலை பெண்களுக்கு. சாதாரண எழுத்து என்றால் கறுப்பு, ஆபத்து என்றால் சிவப்பு. உலகத்தில் வேறு கலர் இருப்பதாக எங்களுக்குச் சொல்லப்படவில்லை. நான் பொன்னேரியிலிருந்து யூனிட் வண்டியில், அதாவது எலக்ட்ரிக் ரயிலில், வந்து வருஷக்கணக்காகக் கறுப்பைத் துடைத்தேன். கான்ட்ராக்ட் ஆள். வருஷா வருஷம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள். அவர்கள் சொன்ன சொல்லை மாற்றியதே இல்லை, ஒவ்வொரு வருஷமும் அதையேதான் சொன்னார்கள்.

இந்த நிலையில் முதலாளி ஒரு கைவினைக் கண்காட்சிக்குப் போய்விட்டு வந்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. அங்கே பித்தளையில் இதே மாதிரி அரித்துப் பூவும் கொடியும் போட்ட தோடு, டாலர், சுவரில் மாட்டும் தட்டு எல்லாம் வைத்திருந்தார்களாம். அதே தகடு, அதே மருந்து, அதே அடுப்பு. மோட்டாருக்கு ஒட்டுவதைப் பெண்களுக்கு மாட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. டாலர் என்றால் நமக்குக் கழுத்தில் சங்கிலியோடு தொங்குவது. அவர் வேறு டாலரை நினைத்துக்கொண்டு இரண்டு நாள் சிரித்த முகமாகவே இருந்தார்.

எங்களைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்.

"வெறும் பித்தளைய எவனும் வாங்க மாட்டான். கலர் ஏத்தணும். கலர் பாஸ் ஆச்சுன்னா தனி ரூம் போடறேன். உங்கள்ல ஒருத்தர பெர்மனென்ட் பண்றேன். இது என் வாக்கு."

ஒருத்தர் என்றால் நான்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நானும் எடுத்துக்கொண்டேன். இருப்பவர்களில் பழைய ஆள் நான். பெர்மனென்ட் என்றால் இன்றைக்கு உங்களுக்கு அது ஒரு சாதாரணச் சொல். எனக்கு அது காய்ச்சல் வந்தால் படுக்கலாம் என்ற அனுமதி. அதற்காகவே நான் அந்தக் கலரைக் கொண்டுவந்தே தீருவது என்று இருந்தேன்.

என்னோடு அந்த வேலையில் இறங்கியவள் விமலா. கவரப்பேட்டைக்காரி. அதற்கு முன் ஒரு இறால் கம்பெனியில் ஐஸில் கை வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் வண்டியில் எதிர் சீட்டில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டே வருவாள். "எங்க கம்பெனிக்கு வாடி, சுடச்சுட அடுப்புப் பக்கத்துல வேலை" என்று நான்தான் இழுத்துவந்தேன். வந்த பிறகுதான் அடுப்பு எவ்வளவு சுடும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் என்னைத் திட்டவில்லை. என்னைத் திட்டாதவர்கள் குறைவு என்பதால் எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

முதலில் ஹார்டுவேர் கடை எனாமலைப் போட்டோம். தகட்டை வளைத்ததும் அது செதில் செதிலாக உதிர்ந்தது. பிறகு கண்ணாடியில் தீட்டுகிற பெயின்ட். அடுப்பில் அது கொப்பளித்தது. நெயில் பாலிஷைக்கூட விடவில்லை. அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அத்தனை தகட்டுக்கும் நெயில் பாலிஷ் வாங்க முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை, தன் வீட்டுக்காரம்மாவின் செலவே போதும் என்றார். கடைசியில் ஊடுருவித் தெரிகிற லாக்கர் வார்னிஷில் சாயத்தைக் கலப்பது ஒருவாறு கைகூடி வந்தது. சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சில உருப்படிகள் தேறின. அவற்றைப் பார்க்க ஒரு வியாபாரியைக் கூட்டிவந்தார்கள்.

அவர் பெயர் ஜைனம்பும்மா. பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். மாமனார் காலத்தில் வலையும் படகுச் சாமானும் விற்றார்கள். இவர் கைக்கு வந்தபிறகு வளையல், பொட்டு, கவரிங் என்று மாறி, பொன்னேரியிலும் பாரிமுனையிலும் கடை. எங்கள் உருப்படிகளை ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பி, நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மேனேஜர் ஞானசேகரனுக்கு அந்தச் சுரண்டலைப் பார்க்கவே சகிக்கவில்லை.

"வேலை நல்லாத்தான் கீது" என்றார் ஜைனம்பும்மா. "ஆனா கடைக்கு வர்ற பொம்பளைங்க கலர் பேரு சொல்றதில்ல. முந்தானைய நீட்றாங்க. இதுக்கு மேட்ச்சா குடுன்றாங்க. செவப்பு கீது, பச்சை கீது. மயில் கழுத்துதான் எவன்கிட்டயும் கெடைக்கல. அத நீங்க பண்ணிக் குடுங்க. டாலரும் தோடுமா செட்டு போடுங்க. கல்யாண சீசனுக்கு முன்ன வந்து பாக்கறேன்."

"டெஃபனட்லி மேடம்" என்றார் மேனேஜர். அவரிடம் எதைக் கேட்டாலும் முதலில் வருவது அந்தச் சொல்தான். யோசனை அதற்குப் பிறகு, சௌகரியப்பட்டால் வரும்.

மறுநாள் அவர் பெயின்ட் கம்பெனி ஷேடு கார்டை மேஜையில் விரித்தார். லாரிக்கும் டிராக்டருக்கும் அடிக்கிற கலர்கள். "இதுல எதும்மா மயில் கழுத்து?" என்று எங்களைக் கேட்டார். ஆளுக்கொன்றைத் தொட்டோம். மேனேஜருக்கு அது நீலம். முதலாளிக்கு அது பச்சை. ஸ்டோர் கீப்பருக்கு அது ஊதா, ஏனென்றால் அவர் மனைவியிடம் இருக்கிற புடவை ஊதா. ஆளுக்கு ஒரு மயில் வளர்த்தார்கள். உடனே ஒரு கலர் கமிட்டி போட்டார்கள். கமிட்டி தினமும் கூடி டீ குடித்தது.

கமிட்டி எடுத்த முதல் பெரிய முடிவு, உண்மையான மயிலைப் பார்ப்பது. கம்பெனி வேன் டிரைவருக்குச் சொந்த ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். "எங்கூட்டுக் கொல்லையில மயிலு ஒரே பேஜாரு நைனா. வேர்க்கடல வெதச்சா வந்து பொறுக்கித் துன்னுட்டு போயிடுது" என்று அவர் வாய்விட்டதுதான் தாமதம், வேனையும் டீசலையும் கேமரா வைத்த செல்போனையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். செல்போனில் கேமரா வந்த புதிது. அதில் எதை எடுத்தாலும் புகைமூட்டத்தில் எடுத்ததுபோல் இருக்கும்.

டிரைவர் திரும்பி வந்து சொன்னார்: "மயிலு வந்துச்சு சார். ஆனா நிக்க மாட்டேங்குது. கழுத்த ஆட்டிக்கினே கீது. இப்பிடி ஆட்னா ஒரு கலரு, அப்பிடி ஆட்னா ஒரு கலரு."

கமிட்டி இதைக் காதில் வாங்கவில்லை. படத்தை எடு என்றது. படத்தில் ஒரு வேப்பஞ்செடியும், செடிக்குப் பின்னால் மயிலாக இருக்கக்கூடிய ஏதோ ஒன்றும் இருந்தன. அதைப் பெரிதாக்கிப் பிரின்ட் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள்.

மயில் நிற்காததால் மேனேஜர் தானே ஒரு நீலப்பச்சையைக் கலந்தார். கலர் ஏறிவிட்டது. அடுத்து வேர்வை தாங்குமா என்று பார்க்க வேண்டும். அதற்கு மெஷின் இருக்கிறதாம், வாங்கினால் செலவாம். எங்கள் கழுத்துக்குச் செலவில்லை. ஆளுக்கொரு டாலரை மாட்டிவிட்டு, வேலை நேரம் முழுக்கப் போட்டிருங்கள், வீட்டுக்கும் போட்டுக்கொண்டு போங்கள் என்றார். அதற்கு அவர் வைத்த பெயர் ஃபீல்டு ட்ரையல். தகரக் கூரைக்குக் கீழே, அடுப்புக்குப் பக்கத்தில், அந்த ஊர் வெயிலில், ஃபீல்டுக்கு ஒரு குறையும் இல்லை.

மறுநாள் விமலா கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டுக்கொண்டு வந்தாள்.

"இன்னாடி, ஒடம்பு சரியில்லியா?"

துண்டை எடுத்துக் காட்டினாள். கழுத்தில் டாலர் தொங்கிய இடத்தில் ஒரு பெரிய வட்டம். நடுவில் நீலம், ஓரம் போகப் போகப் பச்சை. "சோப்பு போட்டேன், புளி போட்டேன், மண்ணெண்ணகூட போட்டுப் பாத்துட்டேன்க்கா. போவ மாட்டேங்குது. எங்க மாமியா என்னைய எங்கியாவது இட்டும்போய் மந்திரிக்கணும்னு சொல்லிக்கினு கீது."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். விமலாவும் சிரித்தாள். கமிட்டி தேடிய மயில் கழுத்து வந்தேவிட்டது, டாலரில் இல்லை, அவள் கழுத்தில். சத்தம் கேட்டு வந்த மேனேஜர் அவள் கழுத்தைப் பார்த்தார். உள்ளே போனார். ஷேடு கார்டோடு திரும்பி வந்து, அவள் கழுத்துக்குப் பக்கத்தில் அதைப் பிடித்து ஒவ்வொரு கட்டமாகப் பொருத்திப் பார்க்க ஆரம்பித்தார். "அசையாதம்மா" என்றார்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த வட்டத்துக்குள் தோல் தடித்துச் சிவந்திருந்தது. எரிகிறது என்று அவள் எங்களிடம் சொல்லவில்லை. ஐஸ் வேண்டாம் என்று என் பேச்சை நம்பி வந்தவள். எனக்கு வந்த கோபத்தில் மேனேஜர் கையிலிருந்த கார்டைப் பிடுங்கினேன். "அடுத்த ட்ரையலு உங்க கழுத்துல போடுங்க சார். பெருசா கீது, நல்லா தெரியும்" என்றேன். அவர் அன்றைக்கே விமலாவைக் கம்பெனி வண்டியில் டாக்டரிடம் அனுப்பினார். ஃபீல்டு ட்ரையல் அதோடு ஒழிந்தது. கலருக்கு மேலே இன்னொரு பூச்சு போட்டு நிதானமாகச் சுட வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் வழக்கத்துக்கு வந்தது. நீங்கள் இன்று சாயம் ஒட்டாத கழுத்தோடு வீட்டுக்குப் போவது விமலாவின் தோல் போட்ட புண்ணியம்.

கமிட்டியின் டீயை நிறுத்துவதற்காக அடுத்த நாள் நான் என்னுடைய மயில் கழுத்துப் புடவையையே கட்டிக்கொண்டு வந்தேன். மேனேஜர் முன்னால் முந்தானையை நேராகப் பிடித்தேன், நீலம் என்றார். கொஞ்சம் சாய்த்தேன், பச்சை என்றார். திரும்ப நேராகப் பிடித்தேன். அவர் ஷேடு கார்டை மடித்து வைத்தார். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். கட்டுகிறவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். மயில் கழுத்து என்பது ஒரு கலரே இல்லை. இரண்டு கலர்கள் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் நிற்பது. அதை ஒரு டப்பாவில் கலக்க முடியாது.

மேனேஜரை நான் எவ்வளவு கிண்டல் செய்தாலும் இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். முந்தானையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "அப்ப லைன்ஸ் போடலாம்" என்றார். தலைமுடி கனத்தில் நெருக்க நெருக்கமாகக் கோடுகள் வரைந்து, அவற்றை ஆழமாக அரித்துக் கொடுத்தார். கோட்டுப் பள்ளத்தில் நீலம், மேட்டில் மெலிதாகப் பச்சை. நேராகப் பார்த்தால் பள்ளம் தெரியும், சாய்த்துப் பார்த்தால் மேடுதான் தெரியும். அந்தக் கோடுகளை அவர் போட்ட சுத்தத்தில் இன்றுவரை வேறு யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. அடுப்பிலிருந்து முதல் டாலரை எடுத்து ஆளுக்கு ஆள் வாங்கி அசைத்து அசைத்துப் பார்த்தோம். ஸ்டோர் கீப்பர் மட்டும் ஊதா எங்கே என்றார்.

இனி பெர்மனென்ட் என் கையில் என்று நினைத்தேன். அந்தக் கையில்தான் கோளாறு.

நீலத்தை நிரப்பிவிட்டு மேட்டைத் துடைக்க வேண்டும் அல்லவா, அந்தத் துடைப்பில் எல்லாம் இருக்கிறது. விமலாவுக்கு லேசான கை. அவள் துடைத்தால் பள்ளத்து நீலம் அப்படியே நிற்கும். எனக்கோ வருஷக்கணக்காகக் கறுப்பை அழுத்தித் துடைத்த கை. துணி பள்ளத்துக்குள் இறங்கி நீலத்தைக் கொஞ்சம் வாரிக்கொண்டு வந்துவிடும். நீலம் குறையும், பச்சை தூக்கும். துணியை மாற்றினேன், விரலை மாற்றினேன், விமலாவை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லித் துடைத்துப் பார்த்தேன். என் கை யார் பேச்சையும் கேட்கவில்லை.

மேனேஜரிடம் சொன்னேன். "டாலர்னா பரவால்ல சார், ஒரு கழுத்துக்கு ஒண்ணு. தோடு ஜோடி சேரணும். எங்க ரெண்டு பேரு கையும் ஒண்ணா வரல."

"அவங்களுக்கு அவ்ளோ நுணுக்கமா தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு, இரண்டு பேர் துடைத்ததையும் ஒரே தட்டில் கொட்டி, கைக்கு வந்ததை ஜோடி சேர்த்து அட்டையில் குத்தினார்.

ஜைனம்பும்மா சொன்னபடி வந்தார். அவரை ஏசி ரூமில் உட்காரவைத்து, கறுப்பு வெல்வெட்டில் செட்டைப் பரப்பி, டியூப் லைட்டைப் போட்டார்கள். என்னையும் விமலாவையும் சுவரோரம் நிற்கவைத்தார்கள். ஜைனம்பும்மா ஒரு டாலரை எடுத்து ஆட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. மேனேஜர் கமிட்டி பட்ட பாட்டை எடுத்துச் சொல்லத் தொடங்கினார். பாதியில் ஜைனம்பும்மா ஒரு ஜோடித் தோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க, வெளிய போய்ப் பாப்போம்."

"வெளியவா? வெயிலா இருக்கும்மா" என்றார் முதலாளி.

"வெயில்லதான பாக்கணும்?"

முதலாளிக்கும் மேனேஜருக்கும் இது விளங்கவில்லை. புடவைக் கடையில் பெண்கள் புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார்களே, அந்த நேரத்தில் இவர்கள் உள்ளே உட்கார்ந்து கடைக்காரர் கொடுத்த கலரைக் குடித்துக்கொண்டிருந்திருப்பார்கள். டியூப் லைட்டில் தேர்ந்தெடுத்த கலரை நம்பி எந்தப் பெண்ணும் புடவை வாங்க மாட்டாள். அந்த அட்டையில் எந்தத் தோடு யார் கை என்று எனக்குத் தெரிந்திருந்தது.

வெளியே வந்ததும் ஜைனம்பும்மா விமலாவைக் கூப்பிட்டு, அவள் காதில் இருந்ததைக் கழற்றச் சொல்லி, எங்கள் தோட்டை மாட்டிவிட்டார். நல்ல வெயில். அவள் முகத்தை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

"இந்தக் காது மயிலு" என்றார். "இந்தக் காது கிளி."

"சூரிய வெளிச்சம் விழற ஆங்கிள் மேடம்" என்றார் மேனேஜர்.

ஜைனம்பும்மா விமலாவின் தோளைப் பிடித்து முழுதாக ஒரு சுற்றுத் திருப்பி நிறுத்தினார். "ஆளையே திருப்பிட்டேன். கிளி கிளியாத்தான் கீது." பிறகு என்னைப் பார்த்தார். "ரெண்டு கையாம்மா?"

"ஆமாம்மா."

"அதானே. வளையல் யாவாரத்துல பொறந்த பசங்களுக்கே இது தெரியும்" என்றவர் முதலாளியிடம் திரும்பினார். "மயிலு எந்தக் கையோ அந்தக் கை ஒண்ணே எல்லாத்தையும் பண்ணட்டும். சரின்னா இப்பவே ஆர்டர் போட்டுக்கறேன். ரெண்டு கை கலந்து வரும்னா எனுக்கு வாணாம், தோடும் வாணாம் டாலரும் வாணாம்."

முதலாளி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அதுக்கென்னம்மா. எங்க சரோஜாதான் சீனியர். சரோஜா, மயில் உன்னுதுதானே?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அந்த வெயிலில் நின்றுகொண்டு நான் பெர்மனென்ட்டைக் கண்ணால் பார்த்தேன். ஆமாம் என்ற ஒரு சொல்தான் பாக்கி. அது தொண்டைவரை வந்தும்விட்டது. அதற்குள் விமலா முந்திக்கொண்டாள், ஒரு காதில் மயிலும் ஒரு காதில் கிளியுமாக நின்றுகொண்டு.

"மயிலு அக்கா கைதாம்மா. இந்தக் கிளிதான் என்னுது."

சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை. எதிரே காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கழுத்தில் அந்த வட்டம் இன்னும் முழுதாக மறையவில்லை.

நான் சொல்ல இருந்ததும் அதே பொய்தான். ஆனால் அடுத்தவள் வாயிலிருந்து, அதுவும் எனக்காக, அதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என்னைப் பெரிய உத்தமி என்று நினைத்துவிடாதீர்கள், பாதிக் கணக்கு பயம். நாளைக்குத் துணியை எடுத்தால் நான் துடைப்பது கிளியாகத்தான் வரும். சீசன் நடுவில் மூட்டை மூட்டையாகக் கிளிகள் திரும்பி வந்தால் நான் மட்டும் போக மாட்டேன், கலர் ரூமே போகும், அதில் விமலாவும் போவாள். திரும்பவும் ஐஸில் கை வைப்பாள். ஆனால் மீதிப் பாதிக்கு எனக்குக் கணக்குத் தெரியவில்லை. அவள் அப்படி நின்றதைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"இல்லம்மா" என்றேன். "மயிலு அவ கை. கிளி என்னுது."

"இல்லம்மா, கிளி என்னுது" என்றாள் விமலா.

ஜைனம்பும்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாடி இது. ஊர்ல எல்லாரும் நல்லதத்தான் என்னுது என்னுதுன்னு அடிச்சுக்குவாங்க. நீங்க ரெண்டு பேரும் கிளிக்கு அடிச்சுக்கினு கீறீங்க." பிறகு இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு தகட்டைக் கொடுத்துத் தன் கண்ணெதிரில் துடைக்கச் சொன்னார். என் தகட்டில் பள்ளத்து நீலம் துணியோடு வந்துவிட்டது, விமலாவின் தகட்டில் அப்படியே நின்றது.

ஆர்டர் வந்தது. தனி ரூம் வந்தது. முதலாளி சொன்ன வாக்கைக் காப்பாற்றினார், விமலா பெர்மனென்ட் ஆனாள். ஒரே கை துடைத்தால் ஜோடி சேரும் என்பதைத் தாம் ஆராய்ந்து கண்டுபிடித்ததாக மேனேஜர் ஹெட் ஆபீசுக்கு ஒரு கட்டுரை அனுப்பிப் பாராட்டு வாங்கினார். நான் பழைய பெஞ்சுக்கே போனேன். நேம் பிளேட்டில் கறுப்பு தூக்கலா, குறைச்சலா என்று யாரும் வெயிலில் எடுத்துப்போய்ப் பார்ப்பதில்லை, நிம்மதியான வேலை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் சொல்ல அலுத்துப்போய் என்னையும் பெர்மனென்ட் செய்தார்கள். அதற்குள் எனக்குக் கண்ணாடி போட்டாகிவிட்டது.

பொறாமையாக இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. நன்றாகவே இருந்தது. கலர் ரூம் கதவு திறந்திருந்தால் அந்தப் பக்கம் பார்க்காமல் வேகமாக நடப்பேன். யாராவது மயில் கழுத்துப் புடவையில் வந்தால் அன்றைக்கு எனக்கு நாஷ்டா இறங்காது.

ஆனால் அதைவிடக் கஷ்டம் விமலாதான். அவள் சந்தோஷப்படுவாள் என்று நான் நினைத்தேன். ஜைனம்பும்மா வந்துபோன அன்றைக்குச் சாயங்காலம் வண்டியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். கவரப்பேட்டை வந்து இறங்க எழுந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"உனுக்குன்னு நான் ஒண்ணே ஒண்ணு குடுத்தேன். அதப் போயி அத்தினி பேரு முன்னால தூக்கி என் மூஞ்சியிலயே போட்டுட்டியேக்கா."

வண்டி கிளம்பிவிட்டது. பொன்னேரி வரை நான் அழுதுகொண்டே போனேன். எதற்கு என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை, போன பெர்மனென்ட்டுக்கா, அவள் சொன்னதற்கா. பல மாதம் அவள் வேறு பெட்டியில் ஏறினாள். பிறகு ஒருநாள் இடம் இல்லை என்று சொல்லிக்கொண்டு என் பெட்டிக்கே வந்து சேர்ந்தாள். அன்றைக்கு வண்டி காலியாகத்தான் இருந்தது.

நீங்கள் மேடம், மேடம் என்று பயந்து சாகிறீர்களே, அந்த மேடம்தான் இந்த விமலா. துடைத்து முடித்த ஒவ்வொரு தட்டிலும் துடைத்தவள் பெயரை ஒட்டித்தான் அடுப்புக்கு அனுப்ப வேண்டும் என்று அவள் உயிரை எடுப்பதாகவும், அது என்ன தேவையில்லாத வேலை என்று நீங்கள் முணுமுணுப்பதாகவும் கேள்விப்பட்டேன். ஒட்டுங்கள். உங்கள் தட்டில் கிளி வந்தால் கிளிக்கும் உங்கள் பெயரையே ஒட்டுங்கள். அடுத்தவள் பிழைக்கட்டும் என்று உங்கள் மயில் தட்டில் அவள் பெயரை ஒட்டுகிற அளவுக்கு மட்டும் நல்லவளாக இருந்துவிடாதீர்கள். அதை உரித்துத் திருப்பிக் கொடுக்கிறவள் படுகிற பாடு உங்களுக்குத் தெரியாது.